கர்னல் வீட்டு மாடியறை

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? சொட்டு மருந்தை நீ மறந்துவிடுவாய் என்று தங்கச்சிக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நான் இன்னும் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். குளிர் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும்.

போன ஞாயிறு ஷெஃபீல்டு என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப் போனார்கள். கர்னல் ஜான் ஆஷ்லி 1735இல் கட்டிய மரவீடு அங்கே இருக்கிறது. ஆள் யேல் கல்லூரியில் படித்த வக்கீல். பதினாறிலிருந்து அறுபது வயது ஆண்கள் துப்பாக்கியோடு பயிற்சிக்கு வர வேண்டிய மிலிஷியா அந்தக் காலத்தில் இருந்ததே, அதில் கர்னல். மாவட்ட கோர்ட்டில் நீதிபதியும்கூட. ஊரில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடிமைகள் வைத்திருந்தார்.

மாடியில் பலகை பதித்த ஓர் அறை. 1773 ஜனவரியில் ஊர்ப் பெரியவர்கள் அங்கே கூடி, பிரிட்டிஷாரை எதிர்த்து ஒரு தீர்மானம் எழுதினார்கள். மனிதர்கள் இயல்பிலேயே சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று அதில் வருகிறது. எழுதிய குழுவில் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வக்கீலும் ஒருவர். இந்த மாதிரிப் பேச்செல்லாம் பரிமாற வரும் பெட் என்ற அடிமைப் பெண்ணின் காதில் விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

கீழே சமையலறையில் நடந்தது வேறு. கர்னலின் மனைவி, அடுப்பில் பழுக்கக் காய்ந்த, தணல் வாரும் இரும்புக் கரண்டியைப் பெட்டின் தங்கை மேல் ஓங்க, பெட் குறுக்கே கையை நீட்டித் தாங்கிக்கொண்டார். தழும்பை அவர் மறைக்கவேயில்லை. விருந்தாளிகள் யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால், "எஜமானியம்மாவைக் கேளுங்கள்" என்பாராம். நானாயிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

1780இல் மாசசூசெட்ஸுக்குத் தனி அரசியல் சட்டம் வந்தது. எல்லாரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்றது அது. பெட் நேராகச் செட்ஜ்விக்கிடம் போனார். அதே வீட்டிலிருந்த பிராம் என்ற அடிமையும் வழக்கில் சேர்ந்தார். முப்பது வருஷம் கோர்ட் கிளார்க்காக இருந்த உனக்கு இது பிடிக்கும்: அநியாயமாகப் பிடித்து வைத்த சொத்தை விடுவிக்கப் போடும் வழக்கின் வகையில்தான் இதையும் தாக்கல் செய்தார்கள். ஷெரிஃப் உத்தரவோடு போனபோது, இவர்கள் ஆயுளுக்கும் என் வேலைக்காரர்கள் என்று கர்னல் விட மறுத்தார். 1781 ஆகஸ்டில், கிரேட் பாரிங்டனில், ஜூரி இருவருக்கும் விடுதலை கொடுத்தது. கர்னல் முப்பது ஷில்லிங் நஷ்ட ஈடும் கோர்ட் செலவும் கொடுக்க வேண்டும் என்றது. தான் நீதிபதியாக உட்கார்ந்த கோர்ட்டிலேயே இந்தத் தீர்ப்பு! அப்பீல் போட்டார். இதற்குள் குவாக் வாக்கர் என்ற இன்னோர் அடிமையும் தன் வழக்கில் ஜெயித்துவிட, அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார் கர்னல். பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1829இல் இறந்தபோது அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள்.

சரி, ஒன்று சொல். வாபஸ் வாங்கியபோது கர்னலுக்கு எழுபது வயதுக்கு மேல். தோற்போம் என்ற கணக்கா, இல்லை மாடியில் எழுதிய வரி உறுத்தியதா? நீ எத்தனை பேர் வாபஸ் மனுவை வாங்கி முத்திரை குத்தியிருப்பாய், அவர்கள் முகத்தைப் பார்த்திருப்பாய். கண் கட்டு அவிழ்த்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்