பாலாற்றுக்கு வந்த தீர்ப்பும் வராத தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தோல் ஆலைக் கழிவால் பாலாறு பாழான வழக்கில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று இதே நீதிமன்றம் எங்கள் தோல் ஆலைகள் விஷயத்தில் 1996-லேயே சொல்லியாயிற்று! அந்த வேலூர் வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகவே நடத்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வந்து ஒரு கிணற்றில் நீர் இறைத்துப் பார்த்தால் பாடம் இன்னும் நன்றாகப் புரியும்.

அன்று மனு கொடுத்த விவசாயிகளில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களின் வாரிசுகள் எந்த அலுவலகத்தில், எந்தக் காகிதத்தோடு போய் நிற்பது? சரி, பணம் வந்தாலும் நிலத்தடி நீரில் கலந்த உப்பும் குரோமியமும் எங்கே போகும்? ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் குழுவின் அறிக்கைகளையும் கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.

- ஒரு வாசகர், ஆம்பூர்