மேடைக்கு மாலை கட்டுகிறவன் எழுதும் மடல்

மதுரையிலும் சுற்று ஊர்களிலும் தன்னம்பிக்கைக் கூட்டங்களில் பேசுகிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், அவர்களை அழைத்து வருகிற சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் கழுத்தில் விழுந்த ரோஜா மாலையும் சம்பங்கி மாலையும் எங்கள் கடையில் கட்டியவைதான். மாலையைக் கொடுத்துவிட்டுக் காசுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்பது பழக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எப்படியும் ஐம்பது கூட்டம் கேட்டிருப்பேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் ஊரிலேயே நிறையக் கேட்ட காது என்னுடையதாக இருக்கலாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. என் அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்டு, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனோம். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பரோட்டா கேட்டாள். அதற்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் என் கதை வேறு மாதிரிப் போனது.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மண்டபத்தில் ஒருவர் பேசினார். கடனுக்குப் பயப்படுகிறவன் கடைசி வரை கூலிக்காரனாகவே சாவான் என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான். மறுவாரமே இன்னொரு கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். தண்டலில் பணம் எடுத்து, வலையங்குளம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலருக்கு முன்பணம் கொடுத்துப் பூவைப் பேசி வைத்தேன். பங்குனி பிறந்ததும் வரத்து குவிந்தது. மல்லி அப்படித்தான். பனிக்காலத்தில் செடி அரும்பு விடாது, பொங்கல் நேரத்தில் கிலோ ஆயிரங்களில் போகும். வெயில் ஏறினால் பூத்துத் தள்ளும், விலை சில நூறுக்கு இறங்கிவிடும். இருட்டோடு மொட்டாகப் பறித்த பூ சாயங்காலம் விரிந்துவிடும் என்பதால், வைத்திருந்து விற்கலாம் என்ற பேச்சே கிடையாது. மிஞ்சியதைச் செண்ட் கம்பெனிக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளினேன். அப்புறம் ஆடி வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம். ஆடி முடிவதற்குள் இரண்டாவது கடையை மூடினேன். போனது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். வீட்டு நகை அடகுக்குப் போய் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்பியது.

பேசியவர் மேல் பழி போடவில்லை. பங்குனி வரும் என்பது பூக்கடைக்காரனுக்கே தெரியாவிட்டால் பேச்சாளருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில் என் மகள் பள்ளியில் குறள் ஒப்புவிக்கும் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல, நான் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு வலியறிதல் அதிகாரம்.

‘உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி
இடைக்கண் முரிந்தார் பலர்.’

அவள் அடுத்த குறளுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. தன் பலம் எவ்வளவு என்று தெரியாமல், ஊக்கம் ஏறி ஒன்றைத் தொடங்கிவிட்டுப் பாதியில் ஒடிந்து போனவர்கள் பலர். ஊக்கம் என்ற சொல்லையே வைத்துச் சொல்லியிருக்கிறார். எண் 473. உங்கள் ஐம்பது கூட்டத்தில் ஒருவர்கூட இந்தக் குறளைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் சொல்வது எப்போதும் 619தான். ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ நல்ல குறள். நானும் அதை நம்பித்தான் காலை மூன்று மணிக்கு எழுகிறேன். ஆனால் அதில் வருகிற சொல் கூலி. வெற்றி என்று இல்லை, கோடி என்று இல்லை. உடம்பை வருத்தியதற்கு உண்டான கூலி. எங்கள் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்தச் சொல்லின் அளவு நன்றாகத் தெரியும். பத்து மூட்டைக்குப் பத்து மூட்டைக் கூலி. மேடையில் அந்தக் கூலி எப்படியோ பங்களாவாகவும் காராகவும் வளர்ந்துவிடுகிறது. புலவர்கள் வேறு பொருள் சொல்லலாம், எனக்கு இப்படித்தான் படுகிறது.

அடுத்த குறளில் ஊழையும் புறங்காணலாம் என்கிறாரே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், 620. ஆனால் அதே மனிதர்தான் 380இல் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்டு, நாம் வேறொன்றை எண்ணித் திட்டம் போட்டாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார். இரண்டையும் எழுதியவர் ஏன் எழுதினார் என்பதை ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம். பேசினால் நான் கடையைச் சாத்திவிட்டு வருவேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது, மேலே இன்றைய பூவைப் பரப்பி அடியில் நேற்றைய பூவைப் போட்டு விற்கிற வேலை. அந்த வேலையின் நெளிவுசுளிவு எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

யாதும் ஊரே பாட்டுக்கும் இதே கதி. பாடிய கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி என்பார்கள், நம் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம்தான். முதல் வரியை எல்லோரும் சொல்கிறீர்கள். பாட்டு போய் முடிகிற இடம் வேறு. மலையிலிருந்து இறங்கும் ஆற்று வெள்ளத்தில் தெப்பம் போவது போல உயிர் போகிறது, அதைப் பார்த்துத் தெளிந்ததால் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிக்கிறார். இதைச் சொன்னால் உங்கள் கூட்டம் பாதியாகக் கரைந்துவிடும் என்று பயமா? உங்கள் பேச்சில் முக்கால்வாசி பெரியோரை வியப்பதுதானே. அவர் எட்டு மணி நேரம் தூங்கவில்லை, இவர் தெருவிளக்கில் படித்தார், இன்னொருவர் செருப்பில்லாமல் நடந்தார். கேட்டு முடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பூக்கட்டுகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் வாழ்க்கையில் தோற்றவர்களாகத் தெரிகிறார்கள். ஏன், நமக்கே நம்மைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது.

என் அத்தை அம்மன் சன்னதிப் பக்கம் நாற்பது வருஷம் முழம் போட்டுப் பூ விற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. நாளைக்குப் பூ எடுக்க வேண்டிய முதலை முந்தானை நுனியில் முடிந்து வைப்பார். லாபம் சுருக்குப்பையில். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் சுருக்குப்பையில்தான் கை போகுமே தவிர முடிச்சை அவிழ்க்க மாட்டார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவிழ்த்தார், மறுநாள் பூவுக்குப் பக்கத்துக்காரியிடம் கைமாற்று வாங்கினார். அதை இரண்டே நாளில் அடைத்தும்விட்டார். ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்’ என்பதை மகள் படித்துக் காட்டியபோது எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வந்தது. வருகிற வழி சிறியதாக இருந்தாலும் போகிற வழி அகலாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்று 478இல் இருப்பதும் அத்தை கணக்குதான். குறளை அத்தை படித்ததில்லை. படித்த நான் முடிச்சை அவிழ்த்து இரண்டாவது கடை போட்டேன்.

வெளிநாட்டு ஞானிகளையும் நீங்கள் விடுவதில்லை. போன தையில் ஒருவர் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸைப் பற்றி ஆவேசமாகப் பேசினார். பேரரசர் என்றதும் கூட்டம் நிமிர்ந்தது. அந்தப் பேரரசர் விரும்பிப் படித்தது எபிக்டெட்டஸின் போதனைகளை. எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். இதை நான் பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன், மேடையில் யாரும் சொல்லவில்லை. அவர் பேரில் உள்ள கையேடு தொடங்குவதே, நம் கையில் இருப்பவை சில, இல்லாதவை சில என்றுதான். நம் எண்ணமும் விருப்பு வெறுப்பும் நம் கையில். உடம்பு, சொத்து, பேர், பதவி எதுவும் நம் கையில் இல்லை. நீங்கள் நம் கையில் இருப்பதாகச் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வரிசைதான்!

அதைப் படித்த பிறகு எனக்குக் கடையில் ஒரு பழக்கம் வந்தது. காலையில் திரையைத் தூக்கும்போது மனசுக்குள் பிரித்துக்கொள்கிறேன். மழை, முகூர்த்தம், உசிலம்பட்டியிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வருகிற வரத்து, செண்ட் கம்பெனி விலை, இதெல்லாம் அந்தப் பக்கம். எடை சரியாக இருப்பது, ஈரச் சாக்கு காயாமல் இருப்பது, தோட்டக்காரரிடம் இன்றைய விலையை மறைக்காமல் சொல்வது, கட்டுகிற பெண்களுக்கு அன்றன்றைக்கே கூலி கொடுப்பது, இதெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தைப் பற்றி யாராவது டீக்கடையில் புலம்பினால் காது கொடுப்பேன், வாய் கொடுக்க மாட்டேன். பணக்காரன் ஆகவில்லை. தூக்கம் வருகிறது. கோபம் மட்டும் இன்னும் குறையவில்லை, அதை மகளிடம் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

இந்த ஊருக்கும் தத்துவத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததில்லை. அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறினால் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் கொடுத்தவர்கள் பேர் வெட்டியிருக்கிறது. உப்பு வணிகன், கொழு வணிகன், துணி விற்கிற அறுவை வணிகன், மதுரைப் பொன்கொல்லன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எங்கள் மார்க்கெட் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கலப்பைக்குக் கொழு விற்ற மனிதர், எதுவும் வேண்டாம் என்று மலையேறியவர்களுக்குப் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய்ப் பார்த்தேன். கல் நல்ல குளிர்ச்சி. அவள் அதில் படுத்துப் பார்க்கிறேன் என்றாள், விடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 619 சொல்கிற மேடையில் 473ஐயும் சொல்லுங்கள். கடன் வாங்கச் சொல்லும்போது வட்டி எவ்வளவு என்று கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். ஜெயித்தவரைக் கூப்பிடுகிற சங்கத்தார் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தொழிலில் நொடித்துக் கடனை அடைத்து முடித்த ஒருவரை ஏற்றி, எப்படி அடைத்தார் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மார்க்கெட்டிலேயே நாலைந்து பேரை என்னால் காட்ட முடியும். அவர்களுக்கு மேடைப் பேச்சு வராது, இடையிடையே நிற்பார்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள். சாயங்காலத்தில் அவர்களால் வர முடியாது என்பதால் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வையுங்கள். அப்போது மார்க்கெட் ஓய்ந்திருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கும் மாலை எங்கள் கடையில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆறு ரோஜா மாலை, ஒரு ஆளுயர மாலை. நானே கொண்டு வருகிறேன். போன கூட்டத்து மாலைக் காசில் பாதி இன்னும் நிற்கிறது, அதையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லி உங்கள் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருப்பவன்