மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரைக்கு வாசகர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். உண்மையான விசுவாசம் உள்ள கிறிஸ்தவருக்கு இந்த நோய் வராது, வந்தால் ஜெபக் குறைவுதான் காரணம் என்று அதில் இருந்தது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் இதே பேச்சை நம்பித்தான் என் வாழ்க்கையில் முழுசாக ஒரு வருடத்தை நான் தொலைத்தேன்.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. பாடகர் குழுவில் 20 வருடம், அதில் பாதிக் காலம் ஞாயிறு பள்ளியும் எடுத்திருக்கிறேன். காலையில் வேதம் வாசிக்காமல் அடுப்பைப் பற்றவைத்த நாள் எனக்கு நினைவில் இல்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் வந்தது.

அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுதான் காரணமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன், டாக்டரும் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்டவில்லை. அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. சாப்பாடு மண்ணைத் தின்பது போல இருக்கும். குளிக்கப் போய் குழாயைத் திறந்துவிட்டு வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், நிறைந்து வழிந்து காலெல்லாம் தண்ணீர் ஓடும், குழாயை மூடக் கை போகாது. அழுகைகூட வரவில்லை. கவலை என்றால் அழுகை வரும் அல்லவா, அழுதால் கொஞ்சம் ஆறும். இது அப்படி இல்லை. கோயிலில் பாடும்போது வாய் அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி, தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஊரில் இதற்கு மன அழுத்தம் என்று சொல்கிறோம், பரீட்சை டென்ஷனுக்கும் அதே வார்த்தைதான். டாக்டர் சொன்னது மனச்சோர்வு நோய். எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்போடு, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை நோயாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். இந்த ஒரு தகவல் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர்தான் வற்புறுத்தி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், தூக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன், எங்கே, யார் என்று எழுதப்போவதில்லை. தலையில் கை வைத்து ஜெபித்தவர், இது சோர்வின் ஆவி, இன்றோடு விடுதலை, இனி மாத்திரை சாப்பிட்டால் அது அவிசுவாசம் என்றார். வீட்டுக்கு வந்து அட்டையை அப்படியே குப்பைக்கூடையில் போட்டேன். அடுத்த நாலைந்து நாள் தலை சுற்றியது, திடீர் திடீரென்று மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல இருந்தது. ஆவி போகிறது என்று நம்பி ஸ்தோத்திரம் சொன்னேன். இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் செய்யும், குறைப்பதானால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. சில வாரத்தில் பழையபடி ஆனது, பழையதைவிட மோசமாகவே ஆனது. இத்தனை ஜெபத்துக்குப் பிறகும் இப்படி என்றால் கடவுளே என்னைக் கைவிட்டுவிட்டார் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டது. நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நோயைவிடக் கொடுமை, நோயாளி தலையில் ஏற்றி வைக்கிற அந்தக் குற்ற உணர்வு.

எங்கள் சேகரத்துக்கு, அதாவது எங்கள் வட்டாரச் சபைக்கு, புதிதாக வந்த ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஜெபித்தார், சின்ன ஜெபம். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வச்சிருக்கீங்களா?” நான் பேசாமல் இருந்தேன். “எனக்குச் சுகர் இருக்கு டீச்சர். தினமும் இன்சுலின் போட்டுட்டுத்தான் பீடத்துல நிக்கிறேன். அதனால எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிடுமா?” என்றார். அப்புறம் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிற இடம். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர் அவர், விசுவாசக் குறைவு என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துத் தூங்குகிறார், தூதன் இரண்டாம் தரமும் வருகிறான். எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அந்த அடையை ஒருநாளும் கவனித்ததில்லை.

மறுநாள் ஐயரும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஓ.பி. சீட்டு போடும் வரிசையில் நின்றார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. தைராய்டு குறைந்தாலும் இப்படி இருக்கும் என்று முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். இது தூக்க மாத்திரை அல்ல, அடிமையாக்காது, வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் நிறுத்தக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கவுன்சலிங்குக்கும் அனுப்பினார். அங்கே எனக்கு அறிவுரை சொல்லவில்லை, ஒரு நோட்டு வாங்கி அன்றைக்குச் செய்த சின்ன வேலையை எழுதச் சொன்னார்கள். முதல் பக்கத்தில் ‘துணி மடித்தேன்’ என்று மட்டும் இருக்கிறது. அடுத்த நாள், ‘துணி மடித்தேன், வாசல்வரை நடந்தேன்.’ அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்படியானால் விசுவாசம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு ஜெபிக்க முடியாத மாதங்களில் ஐயரின் மனைவி, ஐயரம்மா, சாயங்காலம் வருவார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டார்கள். ஒரு சங்கீதம் வாசிப்பார்கள், அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள், நானும் உரிப்பேன். ஒருநாள் 88ஆம் சங்கீதம் வாசித்தார்கள். முடிவில்கூட ஆறுதலாக ஒரு வரி இல்லாத சங்கீதம் அது. இப்படியும் கடவுளிடம் பேசலாம், இதையும் வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

மருந்து அவிசுவாசம் என்பவர்கள் நம் சொந்த வரலாற்றையாவது பார்க்க வேண்டும். 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அதன் மனநல மையம் வேலூர் பாகாயத்தில் 1957இலிருந்து நடக்கிறது, அங்கே நோயாளியைத் தனியாக விடாமல் குடும்பத்தில் ஒருவரையும் கூடவே தங்க வைப்பார்கள். அதையெல்லாம் கட்டியவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களா?

சபைகளுக்கு என் வேண்டுகோள் பெரியதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுகவீனர்களுக்காக ஜெபிக்கும்போது ஆபரேஷன், சுகர், மூட்டுவலி என்று வாசிக்கிறோம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்காகவும், பெயர் சொல்லாமலாவது, ஒரு வரி ஜெபியுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவருக்கு அது போதும். அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணையும் எழுதிப் போடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், கட்டணம் இல்லை, ராத்திரி எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஜெபிக்கிற போதகர்கள் யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதை எழுதிய டாக்டர் சொல்லட்டும்.

எனக்கு இரண்டாம் முறை வந்ததால் கொஞ்சம் கூடுதல் காலம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது பாதி மாத்திரைதான். அட்டையை வேதாகமத்தின் ஜிப் உறைக்குள், காணிக்கைக் கவர் வைக்கிற பையில் வைத்திருக்கிறேன். ராத்திரி வாசித்து முடித்ததும் கைக்குக் கிடைக்கும், மறக்காது.

தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவும் எழுதிவிட்டு இதைக் கேட்பது எனக்கே வலிக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பாளையங்கோட்டை