அந்தத் தகரப் பெட்டியைப் பழைய பேப்பருக்குப் போட வேண்டாம், மாஸ்டர்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது கட்டிலுக்கு அடியில் நீங்கள் எழுதிய இசைத் தாள்கள் இருந்த தகரப் பெட்டியைக் காட்டி, "இதில் இருப்பதெல்லாம் வெறும் காகிதம், அடுத்த முறை பேப்பர்காரர் வந்தால் போட்டுவிடுவேன்" என்றீர்கள். அதைவிட என்னை வருத்தியது, அதற்குப் பிறகு நீங்கள் தாழ்ந்த குரலில் சொன்னதுதான்: "வாத்தியம் வாசிக்கத்தான் வந்தேன், கடைசியில் இசை எழுதிக்கொடுப்பவனாகவும் சொல்லிக்கொடுப்பவனாகவும் முடிந்துபோனேன்." அன்று எனக்குப் பதில் வரவில்லை. பேருந்தில் திரும்பும்போது அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜிம்மி ஹீத்தின் நினைவு வந்தது. அவருடைய பெயரை எனக்கு முதலில் சொன்னவரே நீங்கள்தான். சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு ஒரு பழைய ஒலிநாடாவைப் போட்டு, டெனர் சாக்ஸபோன் உள்ளே நுழையும் இடத்தில் விரலை உயர்த்தி, "இந்த ஆள் பேசுகிறான், கவனி" என்றீர்கள். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவருடைய வாழ்க்கையைக் கொண்டு இப்போது சொல்ல முயல்கிறேன். உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹீத் 1926 அக்டோபர் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்த்த தந்தை கிளாரினெட் வாசிப்பார்; தாய் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். அண்ணன் பெர்சி பின்னாளில் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற குழுவின் பாஸ் கலைஞர் ஆனார். தம்பி ஆல்பர்ட் டிரம்ஸ் வாசித்தார். இருபது வயதை ஒட்டியே ஜிம்மி தன் ஊரில் ஒரு பெரிய பேண்ட் வைத்திருந்தார் என்பதையும், அதில் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேனும் பென்னி கோல்சனும் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதையும் நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒருமுறை ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுமே அந்தக் குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியும் மாஸ்டர், இத்தனை பேரைக் கூட்டி வைத்தால் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள் இருந்தாக வேண்டும். பேண்ட் வைத்திருப்பவன் எழுதாமல் தப்ப முடியாது. ஆகவே ஹீத்தின் வாழ்க்கையில் வாசிப்பு முதலிலும் எழுத்து பிறகும் வரவில்லை; தொடக்கத்திலேயே இரண்டும் சேர்ந்தே வந்தன.

அவர் அப்போது வாசித்தது, டெனரைவிடச் சிறிய, உயர்ந்த குரல் கொண்ட ஆல்டோ சாக்ஸபோன். பார்க்கரின் சாயல் அதில் அவ்வளவு தெளிவாக இருந்ததால், 'பேர்ட்' என்று அழைக்கப்பட்ட பார்க்கரை வைத்து இவருக்கு 'லிட்டில் பேர்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞனுக்கு அது பெருமையாகவும் இருந்திருக்கும், சுமையாகவும் இருந்திருக்கும். 1949இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பேண்டில் கோல்ட்ரேனும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் ஆல்டோ வாசித்தார்கள்; பிற்பாடு இருவருமே டெனருக்கு மாறினார்கள். கோல்ட்ரேனின் டெனர் எல்லையைத் தாண்டித் தாண்டிப் போனதை உலகம் அறியும். ஹீத்தின் டெனர் வேறு வகை. நான் கேட்டவரை, அவர் மேடையில் அந்தக் கணத்தில் வாசிக்கும் சோலோகூட யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியதுபோல இருக்கும். இரண்டாவது வரி முதல் வரியை மறப்பதில்லை, தொடங்கிய ஒரு சிறு சொற்றொடரைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நீட்டி, முடிவில் வாசலில் கொண்டுவந்து விடுவார். இது எழுதுகிறவன் வாசிக்கும் வாசிப்பு. அவருடைய எழுத்து அவருடைய வாசிப்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, கொடுத்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்து வரும் பகுதியை நீங்கள் ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அந்தத் தலைமுறையில் பலரைப் பிடித்த ஹெராயின் இவரையும் பிடித்தது. 1955இலிருந்து 1959 வரை பென்சில்வேனியாவில் உள்ள லூயிஸ்பர்க் மத்தியச் சிறையில் இருந்தார். இருபத்தெட்டு வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை, ஒரு சாக்ஸபோன் கலைஞன் ஊர் ஊராகப் போய்ப் பெயர் வாங்க வேண்டிய வயது. 1956 அக்டோபரில் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரும் ஆல்டோ கலைஞர் ஆர்ட் பெப்பரும் கலிஃபோர்னியாவில் சேர்ந்து ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அதில் உள்ள ஏழு உருப்படிகளில் ஐந்து ஹீத் எழுதியவை. எழுதியவர் சிறையில் இருக்கிறார். அவருடைய இசை இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் ஸ்டுடியோவில் ஒலிக்கிறது. பின்னாளில் அதே இசைத்தட்டை மறுபடி வெளியிட்டபோது, அவர் தன் பெயரை வைத்து எழுதிய 'பிக்சர் ஆஃப் ஹீத்' என்ற உருப்படியின் பெயரையே தட்டுக்கும் வைத்தார்கள்.

நீங்கள் 'வெறும் காகிதம்' என்றீர்கள். அன்று ஜிம்மி ஹீத்திடமிருந்து வெளியே போக முடிந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். மேடை இல்லை, கூட்டம் இல்லை. இருந்தும் அவர் இசைக்கலைஞராகவே இருந்தார் என்றால், எழுதினார் என்பதால்தான். அந்த நான்கு ஆண்டுகளில் போதைப் பழக்கத்தையும் விட்டு, அதன் பிறகு அறுபது ஆண்டுகள் வாழ்ந்து உழைத்தார்.

1959இல் வெளியே வந்தவுடன் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவுக்கு அழைத்தார், அதுவும் கோல்ட்ரேன் இருந்த இடத்துக்கு. சில நிகழ்ச்சிகளுக்கு மேல் அது நீடிக்கவில்லை. பரோலில் வந்தவர் ஃபிலடெல்ஃபியாவை விட்டு நினைத்த தூரம் போக முடியாது. 'வாசிப்பவன்' என்ற கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், அவருடைய கதை அங்கேயே ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ரிவர்சைட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தன் பெயரில் இசைத்தட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். 1960இல் பதிவான 'ரியலி பிக்!' என்ற தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதில் ஒரு நேரத்தில் வாசிப்பவர்கள் பத்துப் பேர். கிளார்க் டெர்ரியின் டிரம்பெட், நாட் ஆடர்லியின் கார்னெட், டாம் மெக்கின்டாஷின் டிராம்போன், டிக் பெர்க்கின் பிரெஞ்ச் ஹார்ன், கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ, ஹீத்தின் டெனர், பாட் பேட்ரிக்கின் பாரிடோன் சாக்ஸபோன், ஆக ஊதுபவர்கள் ஏழு பேர். பியானோவில் சில உருப்படிகளுக்கு டாமி ஃபிளானகன், சிலவற்றுக்கு சீடார் வால்டன். பாஸும் டிரம்ஸும் அண்ணனும் தம்பியும். பெயருக்குப் பெரிய பேண்ட் இல்லை. ஆனால் கேட்டால் பெரிய பேண்டின் கனம் இருக்கும். அது எப்படி வந்தது என்று நான் பல நாள் கேட்டுப் பார்த்தேன். நடுவில் உள்ள பிரெஞ்ச் ஹார்னில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று தோன்றுகிறது. மேலே டிரம்பெட்டின் கூர்மைக்கும் கீழே பாரிடோனின் கரகரப்புக்கும் இடையில் அந்த ஒரு வாத்தியம் பஞ்சுபோல நிரவி நிற்கிறது. அதைத் தனியாகக் காதால் பிடிப்பது கடினம், எடுத்துவிட்டால் வீடே காலியானதுபோல ஆகிவிடும். மனைவி மோனாவின் பெயரால் எழுதிய 'மோனாஸ் மூட்' என்ற மெல்லிய உருப்படியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மற்றவர்களுக்கு என்ன எழுதவில்லை என்பதும் எழுத்தில் சேர்த்திதான் என்பது புரியும்.

இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. பியானோவில் 'சி' என்ற சுரம் ஒலிக்க வேண்டுமானால் டெனர்காரரின் தாளில் 'டி' என்றும், ஆல்டோகாரரின் தாளில் 'ஏ' என்றும், பிரெஞ்ச் ஹார்னுக்கு 'ஜி' என்றும் எழுத வேண்டும் என்பதை ஏழாம் வகுப்புப் பையனான எனக்குக் கரும்பலகையில் மூன்று நிறச் சாக்பீஸால் எழுதிக் காட்டியவர் நீங்கள். ஏழு பேருக்கும் ஏழு தாள், ஒவ்வொன்றையும் அந்தந்த வாத்தியத்தின் சுருதிக்கு மாற்றி, மூச்சு எடுக்க இடம் விட்டு, பக்கம் திருப்ப நேரம் விட்டு எழுதுவது எத்தனை இரவுகளைத் தின்னும் வேலை என்பதை உங்கள் வீட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை ஹீத் தனக்காக மட்டும் செய்யவில்லை. டிரம்பெட் கலைஞர் புளூ மிட்செலின் 'எ ஷ்யூர் திங்' தட்டுக்கும் அவர்தான் எழுதிக்கொடுத்தார். 1953இல் மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்து பதிவு செய்த 'சி.டி.ஏ.' இவருடையது. 1966இல் மைல்ஸ் தன் புதிய இளைஞர் குழுவோடு வேறு வேகத்தில் பதிவு செய்த 'ஜிஞ்சர்பிரெட் பாய்'உம் இவருடையதே. குழுவில் தங்க முடியாமல் போன மனிதரின் பாட்டு அந்தக் குழுவுக்குள் நுழைந்துவிட்டது.

1975இல் மூன்று சகோதரர்களும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் சேர்ந்து ஹீத் பிரதர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் தட்டில், டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸை நினைத்து ஜிம்மி எழுதிய 'ஸ்மைலிங் பில்லி சூட்' இருக்கிறது. சுமார் இருபது ஆண்டு கழித்து, 1994இல், நியூயார்க் குவீன்ஸைச் சேர்ந்த நாஸ் என்ற இளம் ராப் பாடகரின் 'ஒன் லவ்' பாடலுக்கு அதன் ஒரு பகுதியே அடித்தளம் ஆனது. அந்தப் பாடல் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாக அமைந்தது. சிறையிலிருந்து இசையை வெளியே அனுப்பிய மனிதரின் இசை, சிறைக்குப் போகும் கடிதத்துக்கு அடியில் ஒலிக்கிறது. இதை முதன்முதலில் உணர்ந்தபோது நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். யார் கைக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்து அவர் அதை எழுதியிருக்க முடியாது.

சொல்லிக்கொடுத்ததற்கு வருகிறேன். பில்லி டெய்லர் ஹார்லெமில் தொடங்கிய ஜாஸ்மொபைல் அமைப்பின் பயிற்சி வகுப்புகளில் ஹீத் பாடம் நடத்தினார். 1987 முதல் குவீன்ஸ் கல்லூரியின் இசைப்பள்ளியில் பேராசிரியராக இருந்து, பத்தாண்டுக்கு மேல் அங்கே ஜாஸ் முதுகலைப் படிப்பை வளர்த்தார். அவரிடம் படித்த ஆல்டோ கலைஞர் ஆன்டோனியோ ஹார்ட் பிறகு அதே கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அங்கே படித்த பியானோ கலைஞர் ஜெப் பாட்டன் ஹீத் பிரதர்ஸ் குழுவிலேயே வந்து வாசித்தார். வகுப்பறை அவரை மேடையிலிருந்து பிரிக்கவில்லை, மேடைக்கு ஆட்களை அனுப்பியது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: ஏற்கெனவே பெயர் பெற்ற பிறகும் அவர் ருடால்ஃப் ஷ்ராம் என்ற ஆசிரியரிடம் இசையமைப்பைப் படித்தார். அதன் பயன் பின்னாளில் அவர் எழுதிய பெரிய படைப்புகளில், 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சூட் ஆஃப் எவல்யூஷன்' போன்றவற்றில் தெரிகிறது.

2003இல் அமெரிக்க தேசியக் கலை நிதியம் அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' என்ற பட்டம் அளித்தது. 2020 ஜனவரி 19 அன்று, தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். கடைசியாகப் பதிவு செய்த 'லவ் லெட்டர்' அதே ஆண்டில் வெளிவந்தது. மெதுவான பாடல்கள் மட்டுமே கொண்ட தட்டு; அவருடைய மூச்சு முன்னைப்போல நீளவில்லை, ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாஸ்டர், மாதா கோயில் திருவிழாவுக்கு நீங்கள் எழுதிய கீதத்தில் நான்காவது கிளாரினெட் தாளை நினைவிருக்கிறதா? அந்தப் பையனுக்கு அப்போது ஐந்து சுரங்கள்தான் ஒழுங்காக வரும். நீங்கள் அந்த ஐந்து சுரங்களை மட்டும் வைத்து அவனுக்கு ஒரு பகுதி எழுதினீர்கள். அது எளிமையாக இருந்ததே தவிர சோடையாக இல்லை. அது இல்லாமல் மற்ற மூன்று கிளாரினெட்டும் அந்தரத்தில் நின்றிருக்கும். ஊர்வலம் முடிந்து அவன் தன் அம்மாவிடம், "நடுவில் கேட்டதே, அது நான்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தத் தாள் உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது. அதை எழுதியவரை வாசிக்காமல் போனவர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? அன்று அந்தத் தெருவில் ஒலித்த பதினான்கு வாத்தியத்திலும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

பொதுவில் எழுதிய காரணம் இதுதான். உங்களிடம் படித்தவர்கள் இப்போது கோயம்புத்தூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் உங்கள் கையெழுத்தில் ஒன்றிரண்டு தாள்களாவது இருக்கும். இதைப் படிப்பவர்கள் பழைய வாத்தியப் பெட்டியின் உள்பையைத் திறந்து பாருங்கள். கிடைத்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வாத்தியத்துக்கு, எந்த ஆண்டுத் திருவிழாவுக்கு என்று நினைவிருப்பதையும் எழுதுங்கள். மாஸ்டரின் பெட்டியில் இருப்பதோடு சேர்த்து அடுக்கினால் முழு ஸ்கோராகத் திரும்பக் கட்டிவிட முடியும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், மாஸ்டர். ஸ்கேனரை நானே கொண்டுவருகிறேன். 'ரியலி பிக்!' தட்டையும் ஒரு நல்ல ஸ்பீக்கரையும் கொண்டுவருகிறேன். அந்தப் பிரெஞ்ச் ஹார்ன் நான் சொன்னபடிதான் நிற்கிறதா, இல்லை நான் தவறாகக் கேட்டிருக்கிறேனா என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை பேப்பர்காரர் வந்தால் செய்தித்தாள்களை மட்டும் போடுங்கள்.

என்றும் உங்கள் மாணவன்