அட்மினாகிவிட்ட இக்பாலுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர் – 9.

அன்புள்ள இக்பால்,

இங்கு அனைவரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் நலமறிய ஆவல். வெயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, வேலூர் வேலூராகத்தான் இருக்கிறது. வாணியம்பாடியிலும் வேறு மாதிரி இருக்கப்போவதில்லை.

உன் கல்லூரிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்புக்கு உன்னை அட்மினாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வாழ்த்துவதா, அனுதாபம் சொல்வதா? ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர், குடியாத்தம் லுங்கி வியாபாரி, காட்பாடியில் தெலுங்கு பேசும் குடும்பத்துக்காரர், சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் என்று நானூறு பேர். தேர்தல் காலம் வேறு. “கண்ணியமாகப் பேசுங்கள் என்று தினமும் போடுகிறேன், ஒருத்தரும் கேட்பதில்லை” என்கிறாய். எப்படிக் கேட்பார்கள்? தான் அநாகரிகமாகப் பேசுவதாக எவரும் நினைப்பதில்லை. உன் அறிவிப்பை ஒவ்வொருவரும் எதிர்த்தரப்புக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதே இல்லை. இருவருமே மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேருக்குத்தான் பேசுகிறார்கள். அதே இரண்டு பேரை ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் எதிரெதிரே உட்கார வை, பாதிக் காரம் குறைந்துவிடும். ஆகவே ஒழுக்கம் கற்பிக்கும் வேலையை விட்டுவிடு. வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லாத இடத்துக்குச் சண்டையை நகர்த்துவதுதான் உன் வேலை.

தப்பான ஒரு வீடியோ வந்துவிட்டது என்று வை. குரூப்பிலேயே “இது பொய்” என்று போட்டால், போட்டவருக்குத் தன் மானத்தைக் காப்பாற்றும் வேலை வந்துவிடும். பிறகு வீடியோ உண்மையா என்பது பின்னுக்குப் போய், அவர் முட்டாளா இல்லையா என்பதே பேச்சாகிவிடும். அதனால் தனியாக அனுப்பு, நாலைந்து பேர் கைதட்டும் சின்னம் போடுவதற்கு முன்னால் அனுப்பு. “அண்ணே, காலைல நீங்க போட்ட வீடியோ பழசு, நம்ம ஊரும் இல்ல. பின்னாடி கடை போர்டு பெங்காலில இருக்கு பாருங்க. நீங்களே எடுத்துட்டா நல்லாருக்கும். குரூப்ல நான் எதுவும் சொல்லல.” இவ்வளவு போதும். இதில் அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், அதுதான் அவருக்கு வெளியேற ஒரு வழி. அவரே அழித்துவிட்டால் விஷயம் முடிந்தது. நேரம் கொடுத்தும் அழிக்காவிட்டால் நீ அழி. 2022 முதல் அட்மின் யார் பதிவையும் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஆனால் அட்மின் அழித்தார் என்று அங்கே எழுதி நிற்கும். பார்க்கிறவர்கள் “எங்கள் ஆள் பதிவை மட்டும் அழிக்கிறான்” என்று கணக்கு வைக்க ஆரம்பிப்பார்கள். எனவே அழித்த அன்றே காரணத்தை ஒரே வரியில், பெயர் சொல்லாமல் போடு. அதிலும் பொய்யைத் திரும்பச் சொல்லி மறுக்காதே. உண்மையை முதல் வரியில் வை. அரைகுறையாகப் படிக்கிறவர் மனதில் முதல் வரிதான் தங்கும்.

சொல்வது யார் என்பது, என்ன சொல்கிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம். கெவின் மங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ட்விட்டரில் கறுப்பர்களை இழிசொல்லால் ஏசும் வெள்ளை ஆண்களை, தானே உருவாக்கிய கணக்குகளிலிருந்து கண்டித்துப் பார்த்தார். கண்டித்த கணக்கு வெள்ளையராகவும் நிறையப் பின்தொடர்வோர் உள்ளவராகவும் தெரிந்தபோது ஏச்சு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கண்டித்தவர் கறுப்பராகத் தெரிந்தபோது அந்தப் பலன் இல்லை. கேட்க நன்றாக இல்லாவிட்டாலும், அட்மின் குழுவை அமைக்க இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை. நீ ஒருவனே எல்லாம் பார்க்காதே. மூன்று பேராவது வேண்டும், மூவரும் வெவ்வேறு கட்சிச் சாய்வு உள்ளவர்களாக, ஒரே மதம் ஒரே சாதியாக இல்லாதவர்களாக இருக்கட்டும். பாஜக அனுதாபி வரம்பு மீறினால் அந்தப் பக்கத்து அட்மின் பேசட்டும், திமுக ஆள் மீறினால் திமுகக்கார அட்மின் பேசட்டும். முஸ்லிம் நண்பர் ஒருவர் ஆத்திரத்தில் எல்லை தாண்டினால் அங்கே நீதான் போக வேண்டும், தயங்காதே.

புகார் விசாரிப்பது மட்டும் வேறு. அதை ஒரு தரப்பிடம் மட்டும் விடாதே. நம் வேலூர்க் கோட்டையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆங்கிலேயருக்கு எதிரான 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் வெள்ளை அதிகாரியிடம் போய் எச்சரித்தான். அதிகாரி விசாரணையை இந்திய அதிகாரிகளிடமே விட்டார், அவர்களில் சதியில் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் இவனைப் பைத்தியம் என்றார்கள், அவனைப் பிடித்துப் பூட்டி வைத்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் இன்னொன்றையும் கவனி. மூலகாரணம் வெறும் வதந்தி அல்ல. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆணைகள் நிஜமாகவே இருந்தன. மதம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆட்சேபித்தவர்களுக்கோ கசையடிதான் கிடைத்தது. இன்றைக்கும் சூடான ஃபார்வேர்டுகளில் பாதி இந்த வகைதான், அடியில் ஒரு நிஜக் குறை இருக்கும். “எல்லாம் பொய்” என்று ஒரே வெட்டாக வெட்டினால் அந்தக் குறை உள்ளவர் உன்னை எதிரியாகவே பார்ப்பார். எது நிஜம், எது ஏற்றியது என்று பிரித்துச் சொல்.

ஃபார்வேர்ட் விஷயத்தில் நம் பக்கத்துக்குப் பெரிய கடன் இருக்கிறது. 2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவியதும், குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒரு மனிதரை அடித்துக் கொன்றதும், மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தைத் தாக்கி ஒரு மூதாட்டியைக் கொன்றதும் உனக்கு மறந்திருக்காது. பிள்ளைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார், அதுதான் குற்றம். அந்தச் சமயத்தில் நாடெங்கும் சுற்றிய வீடியோ ஒன்று, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடத்திய குழந்தையைத் திருப்பி விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அதற்குப் பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாது என்று வந்தது. 2019-இல் இரட்டை அம்புக்குறி, 2020 ஏப்ரலில் அந்த இரட்டை அம்பு உள்ளதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்ற வரம்பு.

இரட்டை அம்பு என்றால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். “இரட்டை அம்பு வந்தால், மூலம் எங்கே என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், இல்லையேல் போடாதீர்கள்” என்பதை முதல் விதியாக வை. ஆனால் அம்பு இல்லாததெல்லாம் சுத்தம் என்று எண்ணிவிடாதே. வீடியோவைப் போனில் சேமித்துப் புதிதாக ஏற்றினாலும், எழுத்தை நகல் எடுத்து ஒட்டினாலும் அம்பு காணாமல் போகும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பார்ப்பது எப்படி? வீடியோ என்றால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடு. பிறகு கண்ணால் பார்: கடைப் பலகை எந்த எழுத்து, பஸ் என்ன நிறம், போலீஸ் சீருடை எந்த மாநிலம், வண்டி எண் என்ன. வேலூரில் நடந்தது என்பார்கள், ஒரு வண்டிகூட டிஎன் 23 இருக்காது, ராணிப்பேட்டை டிஎன் 73-உம் இருக்காது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று வடக்கே பரவிய வீடியோக்கள் இப்படிப் பார்த்துத்தான் உடைந்தன. அவற்றில் சில வேறு மாநிலத்துச் சம்பவங்கள்.

தமிழில் நமக்கென்று ஒரு தனி வியாதி, டிவி சேனல் லோகோ போட்ட போலி நியூஸ் கார்டு. தலைவர் சொல்லாததைச் சொன்னதாக வரும். எழுத்துரு மாறியிருக்கும், ஒற்று சந்தி தாறுமாறாக இருக்கும், தேதி இருக்காது. அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே நாளில் அது இருக்கிறதா என்று மட்டும் பார், வேறு ஆராய்ச்சி வேண்டாம். குரல் பதிவுதான் மோசம், தேட வழியே இல்லை. “நான் இன்ஸ்பெக்டர் பேசுகிறேன்” என்று வரும். பெயர், ஸ்டேஷன், தேதி மூன்றும் இல்லாத குரல் பதிவுக்கு அனுமதியே இல்லை என்று வைத்துவிடு.

சரிபார்ப்பு லிங்கைத் தூக்கிப் போட்டு வேலை முடிந்தது என்று இருக்காதே. அரசின் உண்மை சரிபார்ப்பகம் சொன்னதை எதிர்க்கட்சிக்காரர் ஏற்க மாட்டார், தனியார் தளம் சொன்னால் அதற்கும் ஒரு நிறம் பூசுவார்கள். அவர்கள் காட்டும் அசல் வீடியோவை, பழைய செய்தியின் தேதியை எடுத்துப் போடு.

“அரசியலே பேசக்கூடாது என்று தடை போட்டுவிடலாமா” என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எது அரசியல் என்று முடிவு செய்கிறவரின் அரசியல் தப்பித்துவிடும், மற்றவருடையது மாட்டிக்கொள்ளும். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவை நினைத்துப் பார். மாட்டிறைச்சி பிரியாணி இல்லாத திருவிழா என்றதும் எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டித் தள்ளி வைத்தார்கள், எஸ்சி எஸ்டி ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஒருவருக்கு அது மத்தியானச் சாப்பாடு, இன்னொருவருக்குத் தொடக்கூடாத பேச்சு. தடை போட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசியவர்தான் முதலில் வாயை மூட வேண்டிவரும்.

ஆளை ஒட்டிய முத்திரையைத் தடை செய். கட்சியை, தலைவரை, கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கட்டும். குரூப்பில் உள்ள ஒருவரைச் சங்கி, ஊபிஸ், தும்பி, தற்குறி என்று அழைத்தால் ஒரு தனி எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு வாரம் வெளியே, பிறகு திரும்பச் சேர்க்கலாம். நிரந்தரமாக நீக்க இரண்டு அட்மின் சம்மதம் தேவை. ‘வடக்கன்’ என்பதையும் பட்டியலில் சேர். சிஎம்சி சுற்றிலும் இந்தியும் பெங்காலியும் எழுதிய பலகை தொங்கவிட்டுப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த வார்த்தையை நாம் சர்வசாதாரணமாகப் புழங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

எதிர்க்கருத்தை நிறையக் காட்டினால் மனம் விரியும் என்று நம்பி தினமும் இரு பக்கக் கட்டுரைகளும் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் கிறிஸ் பெய்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் ஒரு மாதம் இதைச் செய்து பார்த்தார்கள். எதிர்த்தரப்புப் பதிவுகளை ட்விட்டரில் படித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்னும் இறுகிப்போனார்கள். வேறு வகையில் பழகினால்தான் பலன். அசுதோஷ் வார்ஷ்ணே என்ற அரசியல் ஆய்வாளர் இந்திய நகரங்களை ஒப்பிட்டு, கலவரம் வராமல் காப்பதில் அண்டை வீட்டுப் பழக்கத்தைவிட, இரு மதத்தாரும் சேர்ந்து நடத்தும் வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம் போன்றவைதான் வலுவானவை என்று கண்டார். பள்ளிக் கட்டணத்துக்கு உதவி, ரத்தம் தேவை, சிஎம்சியில் படுக்கைக்கு அலைகிறவருக்குத் துணை – இவற்றை எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் பெயரில் சேர்த்து ஒப்படை. வேலை செய்யும்போது போனில் பேசித்தானே ஆக வேண்டும்.

நேரப் பூட்டு ஒன்று போடு. இரவு 10 முதல் காலை 6 வரை ‘அட்மின் மட்டும்’. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய வேண்டும் என்று 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது, அதையே சாக்காக வைத்துப் பூட்டினால் யாருக்கும் தன்னைக் குறிவைத்ததாகத் தோன்றாது. வாக்கு எண்ணும் நாள் காலையிலிருந்து மறுநாள் மாலை வரை இன்னொரு பூட்டு. ஜெயித்தவன் அன்று போடுவதைத் தோற்றவன் ஐந்து வருஷம் மறக்க மாட்டான்.

வழக்கு வருமோ என்ற பயம் உனக்கு வேண்டாம். வேறொருவர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாக மாட்டார் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நாக்பூர் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அட்மின் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் வழக்கிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் சொன்னது. ஆனால் அந்தப் பதிவுக்கு நீயே “சூப்பர்” என்று கட்டைவிரல் காட்டியிருந்தால் கதை வேறு. பகை மூட்டும் பேச்சு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153ஏ. அப்படி ஒன்று வந்தால் அழிப்பதற்கு முன் தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. சண்டை போடுகிறவன் குரூப்பை விட்டுப் போக மாட்டான், பார்க்கப் பிடிக்காதவன்தான் போவான். இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் வரும். ஆனால் கடந்த 60 நாளில் போனவர்கள் பட்டியல் குரூப் விவரத்தில் கீழே இருக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அதைத் திறந்து பார். போனவர்கள் பெண்களா, ஒரே மதத்தாரா, ஒரே ஊர்க்காரர்களா? அதுதான் உன் குரூப்பின் உண்மையான ரிப்போர்ட் கார்டு. அவர்களில் இரண்டு பேருக்குப் போன் போட்டு ஏன் என்று கேள், திரும்பி வரச் சொல்லி வற்புறுத்தாதே.

தினமும் விடிகாலை பத்து ஃபார்வேர்ட் போடும் அந்தத் தமிழாசிரியரைப் பற்றி எழுதியிருந்தாய். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று என்று வரம்பு வைத்துப் பார். பிறந்தநாள் வாழ்த்தெழுதும் பொறுப்பையும் கொடு, வெண்பா எழுதக்கூடியவர் என்கிறாயே.

விதிகளை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பத்து வரிக்கு மேல் போயிருந்தால் வெட்டித்தான் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
சுந்தரம்