ஃபெதரிங் ப்ரொப்பெல்லர் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லங்காவிக்கும் பினாங்குக்கும் இடையே பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் இந்தப் பருவத்தில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "ஃபெதரிங் ப்ரொப்பெல்லர் போட்டால் எவ்வளவு வேகம் கூடும்?" சரி, எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

சாதாரண மூவிதழ் ப்ரொப்பெல்லர், இன்ஜினை அணைத்த பிறகும் தண்ணீருக்குக் குறுக்கே அகலமாக நிற்கும். வாளியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது போலத்தான். ஃபெதரிங் வகையில் இதழ்கள் திரும்பி, ஓரத்தை மட்டும் தண்ணீருக்குக் காட்டும். 35 அடிப் படகுக்கு மிதமான காற்றில் அரை நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரை கூடக் கிடைக்கலாம். ஆனால் மலாக்கா நீரிணையில் காற்று படுத்துவிட்டால் இன்ஜின்தானே கதி? அப்போது பழைய ப்ரொப்பெல்லரே ஒரு துளி மேல். அதன் இதழில் தண்ணீரை நன்றாகத் தள்ளும் முறுக்கு உண்டு. பெரும்பாலான ஃபெதரிங் இதழ்கள் தட்டை.

எங்களைக் கேட்டால், கொடுத்த காசுக்குப் பலன் ரிவர்ஸில்தான் தெரியும். ரிவர்ஸ் போட்டதும் இதழ் புரண்டு, முன்னே போகும்போது வெட்டிய அதே விளிம்பால் தண்ணீரை வெட்டும். நெருக்கடியான மெரினாவில், பக்கக் காற்றில், படகு சொன்ன இடத்தில் நிற்கும். இதழ்கள் பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும் ப்ரொப்பெல்லர் விலை குறைவு, இழுவையும் குறைவு; ரிவர்ஸில் மட்டும் பொதுவாக இந்த அளவுக்கு வராது.

ஆனால் பராமரிப்பு இல்லாவிட்டால் எல்லாம் வீண். அண்மையில் ஒருவர், "ரிவர்ஸே பிடிக்கவில்லை, கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று வந்தார். இதழ்கள் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பைத் திறந்தோம். கிரீஸ் சோப்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. இதழின் அடியில் அரிசி மணி அளவில் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரி). அதைச் சுரண்டி, புது கிரீஸ் அடைத்ததும் இதழ்கள் ஒற்றை விரலுக்குத் திரும்பின. கியர்பாக்ஸில் ஒரு கோளாறும் இல்லை. நம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டலசு சீக்கிரம் பிடிக்கும். மூழ்கிச் சுரண்டவும், ஆண்டுக்கொரு முறை கிரீஸ் அடிக்கவும், ஜிங்க் (ப்ரொப்பெல்லர் அரிக்காமலிருக்கத் தான் கரையும் துத்தநாகத் துண்டு) மாற்றவும் சோம்பல் என்றால் இதை வாங்காதீர்கள். விற்கிற நாங்களே சொல்கிறோம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) விட்டம், டேப்பர் (அதன் நுனி குறுகும் அளவு), இன்ஜினின் உச்ச ஆர்பிஎம் (நிமிடச் சுற்று), கியர் விகிதம், சுற்றும் திசை இவ்வளவும் வேண்டும். இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே ப்ரொப்பெல்லர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடம் இருக்கட்டும். சுக்கானுக்கு எவ்வளவு இடம் என்றும் அளந்துவிடுங்கள். இதழ்கள் திரும்பிய நிலையில் பின்னால் நீளும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிட்ச்சை, அதாவது இதழின் சாய்வை, வெளியிலிருந்தே மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். முழு த்ராட்டிலில் இன்ஜின் உச்ச ஆர்பிஎம்மைத் தொடாமல் கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம். அதைக் குறைக்க ஹப்பையே பிரிக்க வேண்டியிருந்தால் செலவு இரட்டிப்பு.

அப்புறம், பொருத்திய பின் பலர் செய்யும் தவறு: நியூட்ரலில் இன்ஜினை அணைப்பது. ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், இதழ் திரும்பாது. இரண்டு மூன்று நாட் வேகத்தில் போகும்போது முன் கியரிலேயே அணையுங்கள். அதன் பிறகும் ஷாஃப்ட் சுற்றினால் ரிவர்ஸில் போட்டு நிறுத்துங்கள்.

படகைக் கரையேற்றும் தேதி முடிவானதும் சொல்லுங்கள். அளவெடுக்க நாங்களே யார்டுக்கு வந்துவிடுவோம்.