பித்தளைப் பூட்டும் டி.என்.ஏ. முடிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடத்தல், கொலை வழக்குகளில் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனைகள் உச்ச நீதிமன்றத்தில் ரத்தாவது குறித்த ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில், டி.என்.ஏ. முடிவு இருந்தும் குற்றவாளிகள் ‘தொழில்நுட்ப ஓட்டை’ வழியாகத் தப்பிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். தீர்ப்புகளைத் தாங்கள் முழுதும் படித்திருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. படித்த பிறகும் ‘ஓட்டை’ என்ற சொல் எப்படி வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

தாங்கள் குறிப்பிட்ட டெல்லி சாவ்லா வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2012 பிப்ரவரியில் கடத்தப்பட்ட இளம்பெண்ணின் உடல் ஹரியானாவில் கிடைத்தது. அந்த மாதம் 16-ஆம் தேதி வாக்கில் கைக்கு வந்துவிட்ட, டி.என்.ஏ. ஆய்வுக்கான மாதிரிகள் 27-ஆம் தேதி வரை காவல் நிலையச் சரக்கறையிலேயே கிடந்தன. தூக்கு விதிக்கப்பட்டிருந்த மூவரையும் 2022 நவம்பரில் விடுவித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அந்த 11 நாள்களில் மாதிரிகள் இருந்த உறைகளை யாரும் தொடவில்லை என்பதற்கு உறுதியில்லை என்றும், ஆய்வு எந்த முறையில் நடந்தது என்பதைக் கீழ்நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்றும் கருதினார்கள். உறைக்குள் இருப்பது யாருடைய ரத்தம் என்றுதான் ஆய்வகம் சொல்லும். அது எப்போது, யார் கையால் உள்ளே போனது என்பதற்குக் காவல் நிலையப் பதிவேடுதானே ஐயா சாட்சி?

உறைகளின் சங்கதி எனக்குக் கொஞ்சம் தெரியும். பெரம்பூரில் நான் இரும்புக்கடை வைத்திருந்தபோது, பக்கத்துக் கடையில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். மகஜர் சாட்சியாக, அதாவது கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலிடும் போலீஸ் பதிவுக்குச் சாட்சியாக, வந்த என்னிடம் வெறும் துண்டுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “அப்புறம் ஒட்டிக்கிறோம், நீங்க வியாபாரத்தைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார் ஏட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, நீதிமன்றத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து உறையொன்று வெளியே வந்தது. மேலே அரக்கு முத்திரையும் என் கையெழுத்தும். உள்ளே ஓர் இரும்புப் பூட்டு. நான் பார்த்தது ஏழு லீவர் பித்தளைப் பூட்டு. இரும்புக்கடைக்காரனுக்குப் பித்தளை தெரியாதா? அதைச் சொன்னதற்காக நான் ‘பிறழ் சாட்சி’ ஆனேன். தங்கள் நாளிதழும் அப்படித்தான் எழுதியது. மறுத்து நான் அனுப்பிய கடிதம் இடப் பற்றாக்குறையால் வெளிவரவில்லை போலும்.

1849-இலேயே இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக்கூடத்தைக் கண்ட ஊர் நம்முடையது. நம் விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மேசைக்கு உறை வந்து சேரும் வழியைத்தான் சொல்கிறேன். சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டதே, அதுவும் ஓட்டைதானா? கைதான அன்றே ‘கொடூரன் சிக்கினான்’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். விடுதலையான செய்தியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. இறந்த பெண்ணின் பெற்றோருக்கும் இதனால் நியாயம் கிடைத்துவிடவில்லை. உண்மையில் செய்தவன் யார் என்ற கேள்வி அவர்கள் வாசலிலேயே நிற்கிறது.

இனி இத்தகைய வழக்குச் செய்திகளில், மாதிரி எடுத்த தேதியையும் அது ஆய்வகம் சேர்ந்த தேதியையும் ஒரே ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு தங்கள் நிருபர்களிடம் சொல்ல வேண்டுகிறேன். அந்த ஒரு வரிக்காவது இடமிருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் 31 ஆண்டுச் சந்தாதாரர்,
க.சு.,
பெரம்பூர், சென்னை.